நாலு வரி மன்னிப்பு

மார்ச் 24, திங்கள்

கம்பெனிக்கு ஜிப் சப்ளை பண்ற ஏஜென்ட் குடுத்த டைரி ரெண்டு மாசமா பீரோவுக்கு மேல கெடந்துச்சு. இன்னைக்குத்தான் தூசி தட்டி எடுத்தேன். ஏப்ரல் ரெண்டாந்தேதி மீட்டிங் முடியற வரைக்கும் எதையும் மறக்கக் கூடாது, எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கணும்னு முடிவு பண்ணிருக்கேன்.

டென்மார்க் பையர் பிர்கிட்டோட வீடியோ மீட்டிங் அது. குழந்தைங்க பனியன் எடுக்கறாங்க. ஒன்பது வருஷமா அவிங்க ஆர்டரை நாந்தான் பாக்கறேன். மெர்ச்சண்டைசர்னு பேரு. நூல்ல இருந்து பெட்டி கட்டற வரைக்கும் பக்கத்துலயே நின்னு, பையர் கேட்ட மாதிரியே செஞ்சு வாங்கற வேலை. இந்த வருஷம் டென்மார்க்குக்குன்னு தனியா ஒரு மேனேஜர் போடறாங்க. மீட்டிங்ல யார் பேசறாங்களோ அவங்கதான் மேனேஜர், ஜூன்ல கோபன்ஹேகன் போறதும் அவங்கதான். "நீதான் வாணி, வேற யாரு இருக்கா"ன்னு எம்.டி. சொல்லிட்டார்.

வீட்டுக்காரர் அதுக்குள்ள ஒரு ஸ்வெட்டர் வாங்கிட்டு வந்து நிக்கறார். திருப்பூர்ல இருந்துட்டு லூதியானா ஸ்வெட்டர் வாங்கின ஆள் நீங்க ஒருத்தர்தான்னு சொன்னேன். "இங்க கம்பளி எவன் போடறான் புள்ள"ங்கறார். பாஸ்போர்ட் பக்கத்துல மடிச்சு வெச்சிருக்கேன்.

பிரமிளாவைப் பத்தியும் எழுதணும். என்ற பக்கத்து சீட்டு. நாங்க ரெண்டு பேரும் ஒரே மாசத்துல வேலைக்குச் சேந்தோம், வயசுல என்னைய விட ரெண்டு சின்னவ. துணியைத் தொட்டா அது எத்தனை சுருங்கும்னு எனக்குத் தெரிஞ்சிரும், இங்கிலீஷ்தான் வராது. அவளுக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு. அதனால நான் தமிழ்ல சொல்லுவேன், அவ என்ற மெயில்ல உக்காந்து என்ற பேர்ல எழுதி அனுப்புவா. பாஸ்வேர்டு அவகிட்டயே இருக்கும். ஒன்பது வருஷமா இப்பிடித்தான்.

இன்னைக்கு சாப்பிடறப்ப சொன்னா: "அக்கா, உன்ற மெயிலை பிர்கிட் அவிங்க ஆபீஸ்ல எல்லாத்துக்கும் காட்டறாங்களாம். இவ்வளவு அழகா வேற எந்த ஊர்ல இருந்தும் வரதில்லையாம்." எனக்குப் பெருமையா இருந்துச்சு. பிரமி ரசத்தை ஊத்திட்டு சிரிச்சுக்கிட்டா.

மார்ச் 26, புதன்

நாள் பூரா துணிக்குச் சாயம் போடற டையிங் யூனிட்லயே போச்சு. அஞ்சு கலர் கேட்டிருக்காங்க, நாலு சரியா வந்திருச்சு. அந்தப் பாசிப் பச்சை மட்டும் வருவனாங்குது. மாஸ்டர் மூணு தடவை முக்கி எடுத்துட்டு, "போதுங்க்கா, இதுக்கு மேல நொரநாட்டியம் பண்ணாதீங்க"ங்கறார். டியூப்லைட்டுல ஒரு மாதிரி, வெய்யில்ல ஒரு மாதிரி தெரியற பச்சையை எப்பிடி அனுப்பறது. திருப்பி ஓட்டச் சொல்லிட்டு வந்தேன்.

உள்ள சத்தமும் ஆவியும்ங்கறதால போனை செக்யூரிட்டி ரூம்ல குடுத்துட்டுத்தான் போவேன். பொழுது சாஞ்சு ஆபீஸ் வந்து, மெயில் ஏதாச்சும் வந்துச்சான்னு பிரமிகிட்ட கேட்டேன். "ஒண்ணும் இல்லக்கா, நான் பாத்துக்கிட்டேன்"ன்னா.

மார்ச் 28, வெள்ளி

தண்ணி வரல. அஞ்சு நாளாச்சு. கார்ப்பரேசனுக்குப் போன் பண்ணி வாய் வலிச்சதுதான் மிச்சம்.

மார்ச் 29, சனி

என்ற டேபிளுக்கு மேல செவுத்துல ரெண்டு கடிகாரம் இருக்கு. ஒண்ணு நம்ம நேரம், இன்னொண்ணு டென்மார்க் நேரம். வருசா வருசம் மார்ச் கடைசி ஞாயித்துக்கெழமை அவிங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிக்குவாங்க. அவிங்க காலைல பத்து மணின்னா நமக்கு ரெண்டரையா இருந்தது ஒண்ணரை ஆயிரும். இந்தக் கூத்து தெரியாம சேந்த புதுசுல நான் ஒரு தடவை மாட்டிருக்கேன். அதுல இருந்து மொத நாளே நாற்காலி மேல ஏறி முள்ளைத் திருப்பி வெச்சிருவேன். பிரமி நாற்காலியைப் புடிச்சுக்குவா.

இன்னைக்கு ஏறப் போனேன். பிரமி சொன்னா, "விடுக்கா. இந்தத் தடவை நமக்காக ரெண்டரைக்கே வெச்சுக்கலாம்னு பிர்கிட் எழுதிட்டாங்க. நீ முள்ளைத் திருப்பி வெச்சு நீயே கொழம்பிக்காத. மீட்டிங் முடியட்டும், அப்பறம் திருப்பிக்கலாம்."

நல்ல பொம்பளை அந்த பிர்கிட். நம்ம சாப்பாட்டு நேரம்னு யோசிச்சிருக்காங்க பாருங்க.

ஏப்ரல் 1, செவ்வாய்

பச்சை நாளைக்குக் காலைல தயாராயிரும்னு மாஸ்டர் சொல்லிட்டார். பிரமிதான் ரோசனை சொன்னா, "மீட்டிங் ரெண்டரைக்குத்தான. காலைல நேரா டையிங் போய் பச்சையைக் கையோட வாங்கிட்டு வந்துரு. வேற யாரையாச்சும் தாட்டி விட்டா தப்பா எடுத்துட்டு வந்துருவாங்க." வாஸ்தவம்தான்.

பேச வேண்டியதை எல்லாம் இங்கிலீஷ்ல எழுதி, அதுக்குக் கீழ தமிழ் எழுத்துல உச்சரிப்பும் போட்டுக் குடுத்தா. ரெண்டு பக்கம். வீட்டுக்காரர் முன்னாடி படிச்சுக் காட்டினேன். அவருக்குப் புரியல, ஆனாலும் தலையை ஆட்டினார்.

ஏப்ரல் 2, புதன்

எழுதவே கை வரல. ஆனா எழுதாம விட்டா தூங்க முடியாது.

பச்சை பிரமாதமா வந்திருந்துச்சு. வெய்யில்ல காட்டினேன், லைட்டுல காட்டினேன், ரெண்டுலயும் ஒரே பச்சை. அந்தச் சந்தோசத்தோட வெளிய வந்து போனை வாங்கினேன். மணி ஒண்ணு அம்பது. பதினாலு மிஸ்டு கால். எல்லாம் எம்.டி.யும் ரிசப்ஷனும். பிரமிகிட்ட இருந்து ஒண்ணும் இல்ல. பதட்டத்துல அவளுக்கு என்ற நம்பர் கூட ஞாபகம் வந்திருக்காது.

ஆட்டோ புடிச்சு ஓடினேன். நான் உள்ள போறப்ப மீட்டிங் முடிஞ்சு டீ குடிச்சுட்டு இருந்தாங்க. ஒண்ணரைக்கே ஆரம்பிச்சுட்டாங்களாம். பிரமிதான் உக்காந்து பேசிருக்கா. நல்ல வேளையா அவகிட்ட இன்னொரு செட் சாம்பிள் வெட்டி வெச்சது இருந்திருக்கு. எதுக்கும் இருக்கட்டும்னு வெட்டினாளாம். அந்த வரைக்கும் ஆர்டர் தப்பிச்சது.

எம்.டி. என்னைய ஏறெடுத்தும் பாக்கல. "ஒன்பது வருஷம், வாணி"ன்னு மட்டும் சொன்னார். கையில இருந்த பச்சைத் துணியை எங்க வெக்கறதுன்னு தெரியாம நின்னேன்.

பிரமி என்னைய பாத்ரூம் பக்கம் கூட்டிட்டுப் போய் அழுதா. "நான்தான்க்கா தப்பா படிச்சுட்டேன். அவிங்க பத்து மணின்னு போட்டிருந்ததை நம்ம ரெண்டரைன்னே எடுத்துக்கிட்டேன்"ன்னா. அவ அழுதா எனக்குத் தாங்காது. நான்தான் அவ கண்ணைத் தொடச்சு விட்டேன். புதுசா ஒரு பட்டுக் காட்டன் சேலை கட்டிருந்தா, முந்தானையெல்லாம் ஈரமாயிருச்சு.

ஏப்ரல் 3, வியாழன்

எழுத்துல விளக்கம் வேணும்னு எம்.டி. கேட்டிருக்கார். பையருக்கும் ஒரு மன்னிப்பு போகணும்.

நான் சொல்லச் சொல்ல பிரமி டைப் பண்றதா ஏற்பாடு. டையிங் போனது, போன் உள்ள கொண்டுபோக முடியாதது, பச்சை வராதது எல்லாத்தையும் சொன்னேன். அவ கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டா. "அக்கா, ஆபீஸ் மன்னிப்புன்னா அதுக்கு ஒரு மொறை இருக்கு. காரணம் சொல்லவே கூடாது. காரணம் சொன்னா சாக்கு சொல்றாங்கன்னு நெனைப்பாங்க. தப்பு என்னுதுன்னு ஒத்துக்கணும், வருத்தப்படறேன்னு சொல்லணும், இனி நடக்காதுன்னு முடிக்கணும். நாலு வரிக்கு மேல போகக் கூடாது."

"நீ தப்பா படிச்சேன்னாச்சும் ஒரு வரி போடலாமாடி"ன்னு கேட்டேன். கேட்டதும் அவ மொகம் போன போக்கைப் பாத்து நானே வேண்டாம்னுட்டேன். ரெண்டு பேருக்கும் கெட்ட பேரு எதுக்கு. அவளுக்கு வீட்ல ஏற்கெனவே ஆயிரம் பிரச்சினை.

போன்ல தமிழாக்கிப் பாத்ததை அப்பிடியே எழுதி வெக்கறேன்:

நேற்றைய கூட்டத்தில் கலந்துகொள்ள நான் தவறிவிட்டேன்.
அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. தவறு முழுவதும் என்னுடையது.
உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார வருந்துகிறேன்.
இனி ஒருபோதும் இவ்வாறு நடக்காது என்று உறுதி கூறுகிறேன்.

படிக்க மரியாதையாத்தான் இருந்துச்சு. எம்.டி.க்கு அனுப்பியாச்சு. பிர்கிட்டுக்கு? "அவிங்களுக்கு வேண்டாம்க்கா. மீட்டிங்லயே நான் வாயால சொல்லிட்டேன். திரும்பத் திரும்பச் சொன்னா நம்மளுக்குத்தான் அசிங்கம்"ன்னா.

ஏப்ரல் 4, வெள்ளி

மனசு கேக்கல. ஒன்பது வருஷமா பழகின பொம்பளை. நம்ம ஊர்ல ஒரு விசேசத்துக்குப் போகலைன்னாலே மறுநாள் போய் நின்னு ஒரு வார்த்தை சொல்றோம். இவிங்களுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லாம இருந்தா என்ன மனுசி நான்.

பிரமி பேங்க் வேலையா அரை நாள் லீவு. நானே உக்காந்தேன். எம்.டி.க்கு போன அந்த நாலு வரியை அப்பிடியே எடுத்து ஒட்டி, மேல பேரை மட்டும் பிர்கிட்னு மாத்தி அனுப்பிட்டேன். அனுப்பற பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி பத்து தடவை படிச்சிருப்பேன். நானே அனுப்பின மொத மெயில் இதுதான். பிரமிகிட்ட சொன்னா திட்டுவா, அதனால சொல்லல.

ஏப்ரல் 5, சனி

காலைல அஞ்சரைக்குத் தண்ணி வந்துச்சு. ட்ரம்முக்குள்ள ஓஸ் பைப்பைப் போட்டுட்டு நின்னப்ப போன்ல பிர்கிட் பேரு. வழக்கமா தொடக் கூட மாட்டேன், பிரமி படிச்சுச் சொல்லுவா. இன்னைக்குப் பொறுமையில்ல. போன்லயே தமிழாக்கிப் படிச்சேன்.

அதுல இருந்தது இதுதான்: "அன்புள்ள வாணி, எதற்கு மன்னிப்பு? கூட்டத்துக்கு வர முடியாது என்று மார்ச் 26ஆம் தேதியே நீங்கள் எழுதியிருந்தீர்களே. உடல்நிலை காரணமாக இனி பயணம் செய்ய முடியாது, டென்மார்க் வேலையை பிரமிளா ஏற்றுக்கொள்வார் என்றும் சொல்லியிருந்தீர்கள். இப்போது உடம்பு எப்படி இருக்கிறது? உங்களை நினைத்துக் கவலையாக இருக்கிறது."

ட்ரம் ரொம்பித் தரையெல்லாம் ஓடினது கூடத் தெரியல. வீட்டுக்காரர் வந்து பைப்பை மூடினார்.

ஒன்பது மணிக்கு ஆபீஸ் போய் கம்ப்யூட்டரைத் தொறந்தேன். அந்த மெயில் இல்ல. போன்ல பாத்தேன், போன்லயும் இல்ல. பிரமி எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருந்தா. குப்பைத் தொட்டி படம் போட்ட எடம் ஒண்ணு இருக்குமே, அதைத் தொறந்தேன். மேலாப்புல அது கெடந்துச்சு. அதுக்குக் கீழ மார்ச் 26, பிர்கிட் எழுதினது: எங்கள் கடிகாரம் மாறுகிறது, உங்கள் நேரம் ஒன்றரை மணிக்குச் சந்திப்போம். அதுக்கும் கீழ, என்ற பேர்ல, நான் பாசிப் பச்சையோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்த நேரத்துல போன பதில். நல்ல அழகான இங்கிலீஷ்.

மூணையும் பிரிண்ட் எடுத்து ஹேண்ட்பேக்ல வெச்சேன்.

மத்தியானம் பக்கத்துல பக்கத்துலதான் உக்காந்து சாப்பிட்டோம். "என்ன கொழம்பு"ன்னு அவ கேட்டா. "பருப்பு"ன்னு சொன்னேன். வேற ஒண்ணும் கேக்கல நான். ஒருவேளை வேற யாராச்சும் அவ சீட்டுல உக்காந்திருக்கலாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாவு ஆட்டினேன். உப்புப் போட்டேனா இல்லையான்னு ஞாபகம் இல்லாம ரெண்டு தடவை போட்டுட்டேன்.

வீட்டுக்காரர்கிட்ட எல்லாம் சொன்னேன். பிரிண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார். "அவளா இருக்காதுங்க. என்ற பொண்ணு பெரிய மனுசி ஆனப்ப சீர்த் தட்டு தூக்கிட்டு வந்தவ. எனக்கு ஆபரேசன் ஆனப்ப மூணு நாள் ஆஸ்பத்திரில கூடப் படுத்தவ"ன்னேன்.

"நான் ஒண்ணுமே சொல்லலையே புள்ள"ன்னார் அவர்.

ஏப்ரல் 7, திங்கள்

கேட்டுட்டேன். பிரிண்டை அவ கீபோர்டு மேல வெச்சு, "எதுக்குடி இப்பிடிப் பண்ணின"ன்னு கேட்டேன்.

அழல. போன புதன்கெழமை அப்பிடி அழுதவ, இன்னைக்கு ஒரு சொட்டு இல்ல. பேப்பரைப் பாத்தா, அதுல இருந்த என்ற பேரைப் பாத்தா, திருப்பி என்கிட்டயே நீட்டினா. "டீ ஆறுது அக்கா"ன்னு மட்டும் சொன்னா.

பத்த வெச்ச மாதிரி எரிஞ்சுச்சு எனக்கு. நேரா எம்.டி. ரூமுக்குப் போயிட்டேன். அவர் மூணு பக்கத்தையும் பொறுமையாப் படிச்சார். கண்ணாடியைக் கழட்டி வெச்சார்.

"மெயில் உன்ற பேர்ல போயிருக்கு. பாஸ்வேர்டு குடுத்தது நீ. தப்பு முழுக்க என்னுதுன்னு எழுதிக் குடுத்ததும் நீ."

"அதையும் அவதான் எழுதினா சார்."

"சரி. பிர்கிட்கிட்ட போய் என்னன்னு சொல்லச் சொல்றே? வாணி பேர்ல பிரமிளா எழுதிட்டாங்கன்னா? அப்ப இந்த ஒன்பது வருஷமா வந்த மெயிலெல்லாம் யார் எழுதினதுன்னு அவிங்க கேப்பாங்க. அதுக்கு என்ன பதில் வெச்சிருக்கே?"

மூணு பேப்பரையும் எடுத்து பேக்ல வெச்சேன். வந்துட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பாஸ்வேர்டு மாத்தினேன். எப்பிடி மாத்தறதுன்னு தெரியாம முக்கா மணி நேரம் ஆச்சு.

ஏப்ரல் 9, புதன்

எம்.டி. ரெண்டு பேரையும் கூப்பிட்டார். டென்மார்க்ல இருந்து விசாவுக்கு லெட்டர் வந்திருச்சாம், பிரமிளா பேர்லயே. இனி அதை மாத்தினா பையருக்குச் சந்தேகம் வரும். அதனால மேனேஜர் அவ, போறதும் அவ. "எனக்கு நீங்க ரெண்டு பேரும் வேணும். துணியை நீ பாரு வாணி, மெயிலை அவ பாக்கட்டும். எப்பவும் போல ஓடட்டும். பிரமிளா, நீ அக்காகிட்ட மொறையா ஒரு மன்னிப்புக் கேட்டுரு. மெயில்ல எனக்கும் ஒரு காப்பி போடு."

எப்பவும் போலன்னு எவ்வளவு சுளுவாச் சொல்றார் மனுசன்.

சாயந்தரம் அந்தப் பச்சைத் துணி கையெழுத்துக்கு என்ற டேபிளுக்கு வந்துச்சு. பிரமிதான் வெச்சுட்டுப் போயிருக்கா. கிழிச்சுப் போடலாம்னு ஒரு நிமிசம் தோணுச்சு. ஜன்னல்கிட்ட கொண்டுபோய் வெய்யில்ல பாத்தேன். அப்பிடி ஒரு பச்சை. அது என்ன பண்ணுச்சு பாவம், கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.

வீட்ல ஸ்வெட்டரை எடுத்துத் திருப்பிக் குடுத்துருங்கன்னேன். "பில்லு தொலைஞ்சு போச்சு"ன்னார். பில்லு அவர் சட்டைப் பாக்கெட்லயே தெரிஞ்சுது.

ஏப்ரல் 11, வெள்ளி

பதினொண்ணு இருபதுக்கு மெயில் வந்துச்சு. பிரமிளா அனுப்பினது, எம்.டி.க்கு காப்பி. அவ சீட்டுக்கும் என்ற சீட்டுக்கும் நடுவுல ஒரு கை நீளம் தூரம். அவ தலையைத் திருப்பல.

நாலே வரின்னு பாத்ததுமே எனக்கு மேல படிக்க வேண்டியிருக்கல. ஆனாலும் போன்ல தமிழாக்கிப் படிச்சேன்.

தங்கள் மின்னஞ்சலைக் கையாண்டதில் நான் தவறிவிட்டேன்.
அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. தவறு முழுவதும் என்னுடையது.
உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார வருந்துகிறேன்.
இனி ஒருபோதும் இவ்வாறு நடக்காது என்று உறுதி கூறுகிறேன்.

இந்த டைரியைப் பொரட்டி ஏப்ரல் மூணாந்தேதியோட வெச்சுப் பாத்தேன். மொத வரி மட்டுந்தான் வேற. மத்த மூணும் எனக்கு எழுதிக் குடுத்தாளே, அதேதான். எனக்குன்னு புதுசா ஒரு வரி கூட அவளுக்கு எழுதத் தோணல.

அழுகை வந்துச்சு, அழுதேன். ஆபீஸ்ல எல்லாரும் பாத்தாங்க, பாக்கட்டும்.

அப்பறம் பதில் எழுதினேன். தமிழ்லயே எழுதினேன், எம்.டி.க்கும் காப்பி போகட்டும்னு விட்டுட்டேன். ரெண்டே வார்த்தை.

காரணம் எழுது.

ஏப்ரல் 12, சனி

டென்மார்க் கடிகாரம் இன்னும் பழைய நேரத்துலயே ஓடிட்டு இருந்துச்சு. யாரும் கவனிக்கல. சாப்பாட்டு மணிக்கு அப்பறம் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும்.

கீழ ஒரு கை வந்து நாற்காலியைப் புடிச்சுது. குனிஞ்சு பாக்காமலே யாருன்னு தெரியும். ஒன்பது வருஷமா அந்தக் கைதான் புடிக்குது. "விடு, நான் விழுந்தா விழுந்துட்டுப் போறேன்"ன்னேன். அவ விடல.

முள்ளை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சேன். எறங்கறப்ப அவ தோள்ல கை வெக்காம, செவுத்தைப் புடிச்சே எறங்கினேன். சீட்டுக்கு வந்து மெயிலைத் தொறந்து பாத்தேன்.

பதில் வரல.